பரம்பரையா வர்ற இதயத் துடிப்புக் கோளாறு, திடீர் மரண ரிஸ்க்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க அக்கா பையனுக்கு லாங் க்யூடிங்கிற பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறு இருக்குன்னு தெரிஞ்சதுல இருந்து சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு மாத்தி மாத்தி போன் பண்ணி ஒரே கேள்விகளையே கேக்குறாங்க. அதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். நான் டாக்டர் கிடையாது, ஒரு பேஷண்டோட தாய்மாமன், அவ்வளவுதான். மாத்திரை ஆரம்பிக்கிறது, மாத்துறது, நிறுத்துறதெல்லாம் உங்க டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும்.

இது ஹார்ட் அட்டாக்தானே? சின்னப் பசங்களுக்கு எப்படி வரும்?

இல்லங்க, ரெண்டும் வேற. ஹார்ட் அட்டாக்னா இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அடைச்சுக்கிறது, அதுல கொழுப்பு, சுகர், சிகரெட்டெல்லாம் வரும். இங்க குழாய் சுத்தமா இருக்கும், வால்வு நல்லா இருக்கும், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தா "நார்மல்"னு ரிப்போர்ட் வரும். பிரச்சினை இதயத் தசை செல்லுக்குள்ள சோடியம், பொட்டாசியம், கால்சியம் போய் வர்ற வழியில இருக்கு, பிறக்கும்போதே ஜீன்ல வந்தது. அதனால திடீர்னு துடிப்பு தாறுமாறா ஓட ஆரம்பிச்சு, இதயம் ரத்தத்தைத் தள்ளாம சும்மா நடுங்கிக்கிட்டு இருக்கும். சில செகண்டுல மயக்கம். தானா சரியாச்சுன்னா எந்திரிச்சு உக்காந்துடுவாங்க. ஆகலைன்னா அதுதான் கார்டியாக் அரெஸ்ட்.

என்னென்ன வியாதி இதுல வருது?

முக்கியமா மூணு. லாங் க்யூடி, ப்ருகாடா, அப்புறம் சிபிவிடி. ஷார்ட் க்யூடின்னு ஒண்ணும் இருக்கு, ரொம்ப அபூர்வம்.

லாங் க்யூடி சுமார் 2000 பேருக்கு ஒருத்தருக்கு இருக்கும்ங்கிறாங்க. ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதயம் மறுபடி ரெடி ஆக எடுத்துக்கிற நேரம் இவங்களுக்கு நீளம். இதுலயே எந்த ஜீன்ங்கிறதைப் பொறுத்து டைப் 1, 2, 3னு பிரிப்பாங்க.

ப்ருகாடா 1992ல ப்ருகாடா சகோதரர்கள் ரெண்டு பேர் எழுதி வெளிய தெரிஞ்சது. பெரும்பாலும் ஆம்பளைங்க, அதுவும் நடுவயசு, ராத்திரி தூக்கத்துல. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கமெல்லாம் திடகாத்திரமா இருந்த ஆளு தூங்கப் போய் காலைல எந்திரிக்காம போறதுக்குன்னே ஊருக்கு ஊர் தனிப் பேர் வெச்சிருந்தாங்க, பேய் அமுக்குதுன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1980கள்ல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன தாய்லாந்து ஆளுங்க பலர் இப்படித் தூக்கத்துலயே இறந்தாங்க.

சிபிவிடிதான் ரொம்ப ஏமாத்துறது. சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல். ஓடினாலோ கோவப்பட்டாலோ பயந்தாலோ மட்டும்தான் துடிப்பு புரளும். ட்ரெட்மில்ல ஓடவிட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

ஹெச்சிஎம்னு இதயத் தசை தடிக்கிற வியாதி இதோட சேராது, அது தசைப் பிரச்சினை. ஆனா நம்ம ஆளுங்க அதையும் தெரிஞ்சு வெச்சுக்கணும். இதயத் தசை பலவீனமாகிற வியாதிகளோட சம்பந்தப்பட்ட ஒரு ஜீன் மாற்றம் இந்தியர்கள்ல சுமார் 4 சதவீதம் பேர்ட்ட இருக்குன்னு 2009ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. இருக்கிற எல்லாருக்கும் வியாதி வராது, இருந்தாலும் குடும்பத்துல ஹெச்சிஎம் இருந்தா எக்கோ எடுத்துப் பாக்குறது நல்லது.

லாங் க்யூடின்னு பேர் வந்துட்டா எப்ப வேணா உயிர் போயிடுமா?

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறதும் இதைத்தான். வியாதிப் பேரை மட்டும் வெச்சு ரிஸ்க் சொல்லவே முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வீட்டுல ஒரே ஜீன் மாற்றம் இருக்கிற அப்பா 70 வயசு வரைக்கும் வயல் வேலை பாத்துக்கிட்டு இருப்பாரு, பையன் 10 வயசுல ஸ்கூல் கிரவுண்ட்ல விழுவான்.

டாக்டருங்க என்னென்ன பாக்குறாங்கன்னா, முதல்ல ஏற்கெனவே கார்டியாக் அரெஸ்ட் வந்து பிழைச்சவரா, அப்படின்னா ரிஸ்க் ரொம்ப அதிகம். அடுத்து காரணம் தெரியாம மயங்கி விழுந்திருக்காரா. அப்புறம் ஈசிஜில க்யூடிசி (இதயம் மறுபடி ரெடி ஆகுற நேரம், அடுத்த கேள்வில விளக்கியிருக்கேன்) எவ்வளவு, 500 மில்லிசெகண்டைத் தாண்டிச்சுன்னா ரிஸ்க் கூடுது, அதுக்கும் மேல போகப் போக இன்னும் கூடும். எந்த ஜீன், ஆணா பொண்ணா, என்ன வயசு, இதுவும் சேந்துதான் கணக்கு. டைப் 1ல வயசுக்கு வராத பசங்களுக்கு ரிஸ்க் அதிகம், பெரியவங்களானதும் பொம்பளைங்களுக்கு, குறிப்பா டைப் 2 இருக்கிறவங்களுக்கு, அதிகமாயிடுது.

ப்ருகாடாவுல நம்பராவே சொல்லலாம். ஐரோப்பாவுல 1029 பேரை வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணி 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு. எந்த அறிகுறியும் இல்லாதவங்களுக்கு ஆபத்தான நிகழ்வு வருஷத்துக்கு 0.5 சதவீதம், மயங்கி விழுந்திருந்தவங்களுக்கு 1.9, ஏற்கெனவே அரெஸ்ட் வந்து பிழைச்சவங்களுக்கு 7.7. மூணுக்கும் பேர் ப்ருகாடாதான், ரிஸ்க் மட்டும் பதினஞ்சு மடங்கு வித்தியாசம். அதனால பேரைக் கேட்டதும் கூகுள்ல தேடி ராத்திரி பூரா தூங்காம இருக்காதீங்க, "எனக்கு எவ்வளவு ரிஸ்க்"னு டாக்டர்ட்ட நேராவே கேளுங்க.

க்யூடிசின்னா என்ன, நாமளே பாக்க முடியுமா?

முடிவு எடுக்க முடியாது, ஆனா புரிஞ்சுக்கலாம். ஈசிஜி பேப்பர்ல சின்னக் கட்டம் ஒண்ணு 40 மில்லிசெகண்ட். ஒரு துடிப்புல கூர்மையா மேல போற பகுதி ஆரம்பிக்கிற இடத்துல இருந்து அதுக்கு அப்புறம் வர்ற மேடு முடியுற இடம் வரைக்கும் எண்ணினா அதுதான் க்யூடி. 10 கட்டம் இருந்தா 400. நாடித் துடிப்பு 60னா அப்படியே 400தான், பிரச்சினை இல்ல. ஆனா அதே 10 கட்டம் நாடி 100 இருக்கும்போது வந்தா, ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கிறது 0.6 செகண்ட், அதோட வர்க்கமூலத்தால வகுத்தா சுமார் 516 வரும். இப்படித் திருத்துறதுதான் கடைசில இருக்கிற "சி". பேஸெட்ங்கிறவர் 1920ல சொன்ன ஃபார்முலா, இன்னிக்கும் அதான் ஓடுது. நாடி வேகமா இருந்தா இது கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதான் அழுதுக்கிட்டே இருக்கிற குழந்தைக்கு எடுத்த ஒரே ஒரு ஈசிஜியை வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க, அமைதியானதும் மறுபடி எடுப்பாங்க.

மெஷின் மேல அச்சடிச்சு வர்ற நம்பரை மட்டும் நம்பாதீங்க, அது மேடு முடியுற இடத்தைப் பல தடவை தப்பாப் பிடிக்கும். டாக்டர் கையால அளக்கணும். இன்னொண்ணு, லாங் க்யூடி ஜீன் இருக்கிறவங்கள்ல கணிசமான பேருக்கு படுத்திருக்கும்போது ஈசிஜி நார்மலாவே இருக்கும்.

மயக்கம் எல்லாருக்கும்தான் வருது, எதுக்கு பயப்படணும்?

ஸ்கூல் பிரேயர்ல வெயில்ல நின்னு, ரத்தத்தைப் பாத்து, ஊசி போடும்போது, காலைல சாப்பிடாம போய் விழுறது பெரும்பாலும் சாதாரண மயக்கம். அதுக்கு முன்னாடியே வேர்க்கும், கண்ணு இருட்டும், குமட்டும், "எனக்கு ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொல்ல நேரம் இருக்கும்.

கவனிக்க வேண்டியது ஓடும்போது விழுறது (ஓடி முடிச்சு நின்னப்புறம் இல்ல, ஓடிக்கிட்டு இருக்கும்போதே), நீச்சல்ல திடீர்னு மூழ்குறது, அலாரமோ போனோ அடிச்ச சத்தத்துல விழுறது, திட்டினதும் விழுறது, எந்த முன்னறிகுறியும் இல்லாம சாய்றது, தூக்கத்துல கரகரன்னு மூச்சு இழுக்கிறது. வீட்டுல 40 வயசுக்குள்ள யாராவது திடீர்னு இறந்திருந்தா இதெல்லாம் ரெண்டு மடங்கு முக்கியம்.

மூளைக்கு ரத்தம் போகலைன்னா கை கால் வெட்டி இழுக்கும், பாக்குறதுக்கு அச்சு அசல் ஃபிட்ஸ் மாதிரியே இருக்கும். அதனால எத்தனையோ பசங்க வருஷக்கணக்கா வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, கையில சாவியும் இரும்பும் குடுத்துக்கிட்டு இருக்காங்க. ஃபிட்ஸ்னு போன எல்லாக் குழந்தைக்கும் ஒரு தடவை ஈசிஜி எடுத்து க்யூடி அளக்கணும்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல. நூறு இருநூறு ரூபா வேலை.

எது எதெல்லாம் தூண்டி விடும்?

டைப் 1க்கு உடம்பு உழைப்பு, அதுலயும் நீச்சல்தான் முதல் எதிரி. நீச்சல் நல்லாத் தெரிஞ்ச பையன் கிணத்துல மூழ்கிட்டான்னு கேள்விப்பட்டா நான் இப்பல்லாம் முதல்ல இதைத்தான் நெனைக்கிறேன். டைப் 2க்கு திடீர் சத்தம், அதிர்ச்சி. அலாரம் கிளாக், காலிங் பெல், காதுக்குப் பக்கத்துல சரவெடி. இவங்க ரூம்ல சத்தமான அலாரம், போன் வேணாம்ங்கிறது நெஜமாவே டாக்டர் சொல்ற அட்வைஸ். டைப் 3க்கு ஓய்வுலயும் தூக்கத்துலயும்தான் அதிகம்.

ப்ருகாடாவுக்கு காய்ச்சல், அதிகமா குடிக்கிறது, வயிறு முட்ட சாப்பிட்டுட்டு படுக்கிறது. சிபிவிடிக்கு ஓட்டமும் உணர்ச்சியும்.

காய்ச்சல், வாந்தி பேதி வந்தா என்ன பண்றது?

ப்ருகாடா இருந்தா காய்ச்சலை விட்டுப் பிடிக்கலாம்னு இருக்கக் கூடாது. உடனே பாராசிட்டமால், இறங்கலைன்னா ஆஸ்பத்திரி போய் ஈசிஜி. டெங்கு சீசன்ல இன்னும் ஜாக்கிரதை. லாங் க்யூடி இருந்தா வாந்தி பேதிதான் வில்லன், ஏன்னா பொட்டாசியம் இறங்கினா க்யூடி இன்னும் நீளும். ஓஆர்எஸ் குடுங்க, இளநீர் குடுங்க, நிக்கலைன்னா ரத்தத்துல பொட்டாசியம் பாக்கணும்.

இதுல ஒரு சிக்கல். வாந்திக்குன்னு மெடிக்கல்ல போய் நின்னா கையில குடுக்குற மாத்திரையே இவங்களுக்கு ஆகாததா இருக்கலாம், அடுத்த கேள்வியைப் பாருங்க.

எந்தெந்த மாத்திரை ஆகாது?

லாங் க்யூடிகாரங்களுக்கு லிஸ்ட் பெருசு, நம்ம வீட்டு டப்பாவுல இருக்கிறது மட்டும் சொல்றேன். டாம்பெரிடோன், இது தனியா மட்டும் இல்ல, கேஸ் ட்ரபிளுக்குன்னு ஊரே முழுங்குற பான்-டில அந்த "டி" இதுதான். வாந்திக்குப் போடுற ஆன்டன்செட்ரான். தொண்டைக்குத் தர்ற அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின். லீவோஃப்ளாக்சசின். பூஞ்சைக்குத் தர்ற ஃப்ளுகொனசோல். மலேரியா, மூட்டுவலிக்குத் தர்ற குளோரோகுயின் வகைகள். சில மனநல மருந்துகளும் உண்டு, ஆனா அதை நீங்களா நிறுத்திடாதீங்க, ரெண்டு டாக்டரும் பேசி மாத்தித் தரட்டும். மூக்கடைப்பு மாத்திரைகள்ல கலந்திருக்கிற ஃபினைலெஃப்ரினும் வேணாம்.

ப்ருகாடாவுக்கு லிஸ்ட் வேற, துடிப்புக்குன்னு தர்ற ஃப்ளெகெய்னைடு மாதிரி மருந்தே அவங்களுக்கு ஆகாது. அதே ஃப்ளெகெய்னைடு சிபிவிடிக்கு நல்ல மருந்து! அதனால "அவருக்கும் ஹார்ட் பிரச்சினை, அவர் மாத்திரையைப் போட்டுக்கோ"ங்கிற வேலையே கூடாது. கிரெடிபிள் மெட்ஸ்னு ஒரு வெப்சைட்ல லாங் க்யூடி லிஸ்ட் முழுசா இருக்கு, ப்ருகாடாவுக்கும் தனி சைட் இருக்கு. பல் டாக்டர்ட்ட போனாக்கூட மொதல்ல சொல்லிடுங்க, மரத்துப்போக போடுற ஊசியிலயும் விஷயம் இருக்கு.

வைத்தியம் என்ன?

லாங் க்யூடிக்கும் சிபிவிடிக்கும் அடிப்படை பீட்டா பிளாக்கர், அதாவது இதயத்து மேல அட்ரினலின் வேகத்தை அடக்குற மாத்திரை. அதுல நடலால், ப்ரொப்ரனலால் ரெண்டும்தான் நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றாங்க, மெட்டோப்ரலால் அந்த அளவுக்கு இல்ல. நடலால் எல்லாக் கடையிலயும் கிடைக்காது, அதான் நம்ம பக்கம் நிறைய பேர் ப்ரொப்ரனலால்ல இருக்காங்க. ஆஸ்துமா இருந்தா கண்டிப்பா சொல்லணும். டைப் 3க்கு மெக்ஸிலெட்டின் சேப்பாங்க. மாத்திரைக்கு அடங்கலைன்னா இடது பக்க நெஞ்சுல இருந்து இதயத்துக்குப் போற நரம்பு முடிச்சை வெட்டி எடுக்கிற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு, நல்ல பலன் தருது. ப்ருகாடாவுக்கு பீட்டா பிளாக்கர் உதவாது, அங்க குயினிடின் மாத்திரை, ஐசிடிங்கிற உள்ள வெக்கிற ஷாக் கருவி, இதுதான்.

மாத்திரையை விடாம போடுறதுதான் எல்லாத்தையும் விட பெரிய வைத்தியம். டைப் 1ல பீட்டா பிளாக்கர் எழுதிக் குடுத்தும் அரெஸ்ட் வந்த கேஸ்களை எடுத்துப் பாத்தா, கிட்டத்தட்ட எல்லாருமே மாத்திரையை விட்டவங்க, இல்லைன்னா க்யூடி நீட்டுற வேற மருந்து எடுத்தவங்கன்னு 2009ல வந்த ஆய்வு சொல்லுது. எங்க வீட்டுல ஸ்கூல் பேக்ல ஒரு ஸ்ட்ரிப், பாட்டி வீட்டுல ஒரு ஸ்ட்ரிப் எப்பவும் இருக்கும். நல்லாத்தானே இருக்கான்னு ஒரு பெரியவர் நிறுத்தச் சொன்னாரு, அவர்ட்ட சண்டையே போட்டுட்டேன்.

ஐசிடி எல்லாருக்கும் வெக்கணுமா?

வேணாம். கழுத்தெலும்புக்குக் கீழ தோலுக்கு அடியில வெக்கிற கருவி, துடிப்பு புரண்டா தானா ஷாக் குடுத்து சரி பண்ணும். அரெஸ்ட் வந்து பிழைச்சவங்களுக்கும், மாத்திரை போட்டும் மயங்கி விழுறவங்களுக்கும் பொதுவா வெப்பாங்க. அறிகுறியே இல்லாத, க்யூடிசி அவ்வளவா நீளாத ஆளுக்கு பயத்துல வெக்கிறது சரியில்ல. தேவையில்லாம ஷாக் அடிக்கலாம், ஒயர் உடையலாம், இன்ஃபெக்‌ஷன் ஆகலாம், பேட்டரி தீந்தா மறுபடி ஆபரேஷன். 12 வயசுப் பிள்ளைக்கு வெச்சா ஆயுசுக்கும் எத்தனை தடவை மாத்தணும்னு யோசிங்க. செலவும் லட்சக்கணக்குல.

சிபிவிடில இன்னொரு வினை இருக்கு. ஷாக் அடிச்ச வலியிலயும் பயத்துலயும் அட்ரினலின் ஏறி, அதுவே அடுத்த புரட்டலைத் தூண்டி, திரும்பத் திரும்ப ஷாக் அடிக்கும். அதனால அங்க மாத்திரை இல்லாம ஐசிடி மட்டும் வெச்சு விட மாட்டாங்க.

வெச்சவங்க போனை சட்டைப் பாக்கெட்டுல அந்தப் பக்கம் வெக்காதீங்க, ஒரு சாண் தள்ளி இருக்கணும். இண்டக்‌ஷன் அடுப்புல இருந்து ரெண்டடி தள்ளி நில்லுங்க. ஒரு ஷாக் அடிச்சு அப்புறம் நல்லா இருந்தா அன்னிக்கே கிளினிக்குக்கு போன், அடுத்தடுத்து அடிச்சாலோ உடம்பு சரியில்லைன்னாலோ நேரா எமர்ஜென்சி.

ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா? சொந்தத்துல கல்யாணம் பண்ணதாலயா வந்துச்சு?

பெரும்பாலும் இல்ல. வழக்கமான லாங் க்யூடி, ப்ருகாடாவெல்லாம் அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்ட்ட இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. சொந்தமோ அந்நியமோ வித்தியாசம் இல்ல.

ஆனா ஒரு வகைக்கு சொந்தம் முக்கியம். 1957ல நார்வேல ஜெர்வெல், லாங்-நீல்சன்னு ரெண்டு டாக்டருங்க ஒரு குடும்பத்தைப் பத்தி எழுதினாங்க. ஆறு பிள்ளைங்கள்ல நாலு பேருக்கு பிறவியிலேயே காது கேக்காது, மயங்கி விழுவாங்க, அதுல மூணு பேர் சின்ன வயசுலயே இறந்துட்டாங்க. இது அப்பா அம்மா ரெண்டு பேர்ட்ட இருந்தும் வந்தாத்தான் வரும், லாங் க்யூடிலயே மோசமான வகைல ஒண்ணு. மாமன் மகள், அக்கா மகள்னு கட்டுற நம்ம ஊர்ல இதை மறக்கக் கூடாது. பிறவியிலேயே காது கேக்காத குழந்தைக்கு, முக்கியமா காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்குறதுக்கு முன்னாடி, ஈசிஜி எடுத்து க்யூடி பாத்தாங்களான்னு கேளுங்க.

டெஸ்ட்டைப் பொறுத்தவரை, லாங் க்யூடில முக்கால்வாசிப் பேருக்கு ஜீன் கிடைச்சுடும், ப்ருகாடாவுல கால்வாசி கிட்டத்தான். அதனால ஜீன் நெகட்டிவ்னா வியாதி இல்லைன்னு ஆகாது. வியாதி இருக்கிற ஆளுக்கு முதல்ல எடுத்து ஜீன் கிடைச்சா, அப்புறம் அண்ணன் தம்பி, பிள்ளைங்களுக்கு அதை மட்டும் பாத்தாப் போதும்.

வீட்டுல ஒருத்தர் சின்ன வயசுலயே இறந்துட்டாரு. இப்ப என்ன பண்ணணும்?

போஸ்ட்மார்ட்டம் வேணாம்னு சண்டை போடாதீங்க, தயவுசெஞ்சு. அதுல இதயம் நார்மல்னு வந்தா அதுவே ஒரு தகவல், அப்பத்தான் துடிப்பு வியாதின்னு சந்தேகிக்க முடியும். ஜீன் டெஸ்ட்டுக்குன்னு ரத்தம் எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வெக்க முடியுமான்னு அப்பவே கேளுங்க, ஃபார்மலின்ல போட்ட சதைல இருந்து டிஎன்ஏ நல்லா வராது. அந்த நேரத்துல வீட்டு ஆளுங்களுக்கு இதெல்லாம் தோணாது, விவரம் தெரிஞ்ச சொந்தக்காரர் யாராவது பேசணும். அதுக்கப்புறம் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாருக்கும் ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில். ப்ருகாடா சந்தேகம்னா ஈசிஜிக்கு நெஞ்சுல ஒட்டுற லீடை வழக்கத்தை விட மேல, ரெண்டாவது விலா இடுக்குல வெச்சு எடுக்கச் சொல்லுங்க, சாதாரண இடத்துல வெச்சா சில பேருக்குத் தெரியாது.

விளையாடலாமா? குழந்தை பெத்துக்கலாமா?

முன்னாடி எல்லாத்துக்கும் தடைதான். இப்ப மாத்திரை ஒழுங்காப் போட்டு, டாக்டரோட உக்காந்து பேசி நிறைய பேர் விளையாடுறாங்க. டைப் 1 ஆளு தனியா நீச்சல் போறது மட்டும் கூடவே கூடாது. சிபிவிடில கட்டுப்பாடு இன்னும் ஜாஸ்தி.

குழந்தை பெத்துக்கலாம். கர்ப்பத்தை விட பிரசவத்துக்கு அப்புறம் வர்ற 9 மாசம்தான் டைப் 2 காரங்களுக்கு ஆபத்து, தூக்கம் கெட்டு, குழந்தை அழுகைல திடுக்குன்னு எந்திரிச்சுன்னு. "பால் குடுக்குற, மாத்திரை வேணாம்"னு யாராவது சொல்வாங்க, டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க.

கண்ணு முன்னாடி விழுந்துட்டா?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. பதில் இல்ல, மூச்சும் ஒழுங்கா இல்லைன்னா (மீன் மாதிரி வாயைத் திறந்து விட்டு விட்டு இழுக்கிறது மூச்சு இல்ல) ஒருத்தர் 108க்கு போன், இலங்கைன்னா 1990. இன்னொருத்தர் உடனே நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கணும். தண்ணி தெளிச்சுக்கிட்டு, சோடா வாங்க ஓடிக்கிட்டு இருக்க நேரம் இல்ல, ஒண்ணும் செய்யாம போற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு 7ல இருந்து 10 சதவீதம் குறையும். பக்கத்துல ஏஈடி (வெளியில இருந்து ஷாக் குடுக்குற பெட்டி) இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க, பெட்டியைத் திறந்தா அதுவே பேசி வழி சொல்லும், தேவையில்லாத துடிப்புக்கு ஷாக் அடிக்காது. 2021 ஜூன் 12, கோபன்ஹேகன்ல மேட்ச் நடுவுல விழுந்த டென்மார்க் ஃபுட்பால் வீரர் எரிக்சன் பிழைச்சது கிரவுண்ட்லயே சிபிஆரும் (நெஞ்சை அமுக்குற இந்த முதலுதவி) ஷாக்கும் கிடைச்சதாலதான். அடுத்த வருஷமே ஐசிடியோட மறுபடி விளையாட வந்துட்டாரு.

எந்த டாக்டர்ட்ட போகணும்?

எலெக்ட்ரோஃபிசியாலஜிஸ்ட், சுருக்கமா ஈபி டாக்டர். குழந்தைன்னா குழந்தைங்க இதய டாக்டர். பெரிய ஊர்ல கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்ல கார்டியாலஜி ஓபில கேட்டா வழி சொல்வாங்க. போகும்போது பழைய ஈசிஜி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, நார்மல்னு எழுதினதையும் சேத்து, மங்கிப்போற பேப்பர்னா போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. குடும்பத்துல யார் யார் எந்த வயசுல எப்படி இறந்தாங்க, யாருக்கு ஃபிட்ஸ் இருந்துச்சு, யார் தண்ணில மூழ்கினாங்கன்னு பாட்டி, பெரியம்மாட்ட கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போனீங்கன்னா டாக்டர் உங்களைக் கும்பிடுவாரு. விழுந்ததை நேர்ல பாத்தவர் கூட வந்தா இன்னும் நல்லது.